முடிவே இல்லாத ரன்வே வந்தால், விபத்தும் இருக்காதா?

ஒரு பெரிய வட்டம். அதன் விளிம்பைச் சுற்றி விமானங்கள் இறங்குகின்றன, ஏறுகின்றன. வட்டத்துக்கு நடுவில் டெர்மினல். காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் கவலை இல்லை. 2017-ல் பிபிசி வெளியிட்ட ஒரு சின்ன வீடியோவால் உலகம் முழுக்கப் பிரபலமான யோசனை இது. நெதர்லாந்தின் விமான, விண்வெளி ஆய்வு மையத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள், ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியுதவியோடு செய்த ஆய்வு. அதற்கு அவர்கள் வைத்த பெயர், 'முடிவில்லா ஓடுதளம்.'

பெயரே ஆளை இழுக்கிறது. அதுவும் நம் ஊர்ப் பக்கத்து வாசகர்களை இன்னும் கொஞ்சம் அதிகமாக இழுக்கும். ஏனென்றால், ரன்வேயின் முடிவு என்றால் என்ன என்பதைத் தென்னிந்தியா இரண்டு முறை பார்த்துவிட்டது. 2010-ல் மங்களூருவில் 158 பேர். 2020-ல் கோழிக்கோட்டில் 21 பேர். இரண்டு முறையும் விமானம் வானத்திலிருந்து விழவில்லை. தரையைத் தொட்டு, ஓடி, நிற்க இடம் போதாமல் விளிம்பைத் தாண்டிப் போய் விழுந்தது.

அப்படியென்றால், விளிம்பே இல்லாத ஒரு வட்டத்தைக் கட்டிவிட்டால் பிரச்னை தீர்ந்தது அல்லவா? நியாயமான கேள்விதான். ஆனால், அதற்கான பதில் அவ்வளவு நேராக இல்லை.

காற்றோடு ஒரு பேச்சுவார்த்தை

முதலில், ரன்வே ஏன் நேர்கோடாக இருக்கிறது?

விமானம் எப்போதும் எதிர்க்காற்றில் இறங்கவும் ஏறவும்தான் விரும்பும். மணிக்கு 260 கிலோமீட்டர் வேகத்தில் இறங்க வேண்டிய ஒரு விமானத்துக்கு எதிரே 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்தால், தரையைப் பொறுத்தவரை அதன் வேகம் 230 தான். சீக்கிரம் நிற்கும். அதே காற்று பின்னாலிருந்து தள்ளினால் 290. நிற்க நிறைய தூரம் வேண்டும். பக்கவாட்டில் அடித்தால், விமானத்தை ரன்வேயிலிருந்து வெளியே தள்ளப் பார்க்கும்.

விமானங்களின் ஆரம்ப காலத்தில் இது ஒரு பிரச்னையே இல்லை. அப்போது விமான நிலையம் என்றால் பெரிய புல்வெளி, அவ்வளவுதான். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்து, அந்தத் திசையில் வண்டியை விடலாம். ஒருவகையில் பார்த்தால், அன்றைக்கே 'வட்ட ஓடுதளம்' இருந்தது.

விமானங்கள் கனமாகக் கனமாகப் புல்வெளி தாங்கவில்லை. கெட்டியான தளம் போட வேண்டியிருந்தது. எல்லாத் திசைக்கும் போட்டால் கட்டுப்படியாகாது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பிரிட்டனில் மூன்று ரன்வேக்களை முக்கோணம் போல ஒன்றோடொன்று வெட்டிக்கொள்ளும்படி அமைத்தார்கள். எந்தக் காற்றுக்கும் ஏதோ ஒன்று உதவும் என்பது கணக்கு. போருக்குப் பிறகு விமானங்கள் இன்னும் பெரிதாகின, பக்கக் காற்றைத் தாங்கும் பலமும் கூடியது. முக்கோணத்தின் தேவையும் குறைந்தது.

இன்று ஒரு விமான நிலையம் கட்டுவதற்கு முன், அந்த இடத்தில் பல ஆண்டுகள் காற்று எந்தத் திசையில் அடித்திருக்கிறது என்ற பதிவுகளை அலசுகிறார்கள். அதற்குத் தோதாக ரன்வேயைத் திருப்பி வைக்கிறார்கள். பக்கக் காற்றால் தடைபடாமல் குறைந்தது 95 சதவீத நேரமாவது பயன்படுத்த முடிய வேண்டும் என்பது சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் பரிந்துரை.

ரன்வேயின் முனையில் பெரிதாக எழுதியிருக்கும் எண்ணும் இந்தத் திசையைத்தான் சொல்கிறது. சென்னையின் பிரதான ரன்வேயின் ஒரு முனை 07, அதாவது திசைகாட்டியில் சுமார் 70 டிகிரி. மறுமுனை 25, அதாவது 250 டிகிரி. அதைக் குறுக்கே வெட்டிப்போகும் இரண்டாவது ரன்வேக்கு 12, 30.

ஆக, வட்ட ஓடுதளம் தீர்க்க வரும் பக்கக் காற்றுப் பிரச்னையின் பெரும்பகுதியை, நேர்கோடு ஏற்கெனவே தீர்த்துவிட்டது. மிச்சமிருக்கும் சில நாள்களுக்காக வட்டம் கேட்கும் விலை என்ன என்பதுதான் அடுத்த கேள்வி.

மரணக் கிணறும் கொஞ்சம் இயற்பியலும்

திருவிழாவில் மரணக் கிணறு பார்த்தவர்களுக்கு வட்ட ரன்வேயைப் புரிந்துகொள்வது சுலபம். பைக் வேகமாகப் போகப் போகச் சுவரில் மேலே ஏறும். வேகம் குறைந்தால் கீழே இறங்கும். வட்ட ரன்வேயின் தளமும் அகலமான கிண்ணத்தின் விளிம்பு போல உள்பக்கம் சாய்ந்திருக்கும். விமானம் வேகமாக இருக்கும்போது வெளிப்புறம், வேகம் குறையும்போது உள்புறம்.

ஆய்வாளர்கள் சொன்ன வட்டத்தின் விட்டம் சுமார் 3.5 கிலோமீட்டர். மணிக்கு 260 கிலோமீட்டர் வேகத்தில் அந்த வளைவில் வழுக்காமல் ஓட வேண்டுமென்றால், தரை சுமார் 17 டிகிரி சாய்ந்திருக்க வேண்டும் என்கிறது பள்ளிக்கூட இயற்பியல். இன்றைய பயணிகள் விமானம் இறங்கும்போது இரண்டு இறக்கைகளும் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். இறக்கைக்குக் கீழே தொங்கும் எஞ்சின்கள் தரையிலிருந்து அதிக உயரத்தில் இருப்பதில்லை. சாய்ந்த தரையில் சரியான சாய்வோடு, சரியான உயரத்தில், சரியான வேகத்தில் வந்து தொட வேண்டும். ஒன்று பிசகினாலும் எஞ்சினோ இறக்கை நுனியோ தரையைத் தொட்டுவிடும்.

இன்னொரு சிக்கல். இறங்கிய விமானம் இந்த வட்டத்தில் 2 கிலோமீட்டர் ஓடி முடிப்பதற்குள் அதன் மூக்கு சுமார் 65 டிகிரி திரும்பிவிடும். காற்று அதோடு சேர்ந்து திரும்பாது. தொட்டபோது ஒரு பக்கமிருந்து வந்த காற்று, ஓட்டத்தின் நடுவில் நேர் எதிரே வரும், முடிவில் மறுபக்கத்திலிருந்து அடிக்கும். அதுவும் மழைநாளில் என்றால், விமானி ஒரே நேரத்தில் வளைவையும் வேகத்தையும் மாறிக்கொண்டே இருக்கும் காற்றையும் பார்க்க வேண்டும்.

இரவில், மேகத்தில், மழையில் ரன்வேயைக் கண்ணால் பார்க்கும் முன்பே விமானத்தை வழிநடத்திக் கொண்டுவரும் கருவி ஏற்பாடு இன்று நேர்கோட்டை நம்பி இருக்கிறது. ரன்வேயின் நடுக்கோட்டை நீட்டி, வானத்தில் ஒரு கண்ணுக்குத் தெரியாத சாய்பாதை போடுகிறார்கள். அதைப் பிடித்துக்கொண்டு வந்தால் முடிவில் ரன்வே இருக்கும். வட்டத்தில் எந்தக் கோட்டை நீட்டுவது? காற்று மாறும்போதெல்லாம் கோடும் மாறும். செயற்கைக்கோள் வழிகாட்டலில் இது சாத்தியம்தான். ஆனால், உலகத்தின் எல்லா விமானங்களும் எல்லா விமானிகளும் அதற்குத் தயாராக வேண்டும்.

இவையெல்லாம் வெறும் கற்பனைப் பயம் என்று சொல்லிவிட முடியாது. வட்டத்தில் இறங்கவே முடியாது என்றும் சொல்ல முடியாது. 1960-களின் நடுவில் அமெரிக்கக் கடற்படை இதைச் செய்தே பார்த்தது. அரிசோனா பாலைவனத்தில் கார்களைச் சோதிப்பதற்காகப் போடப்பட்டிருந்த வட்டப் பாதையில் விமானங்களை இறக்கினார்கள், ஏற்றினார்கள். முடிந்தது. விமானிகளும் பழகிக்கொண்டார்கள். ஆனாலும், அதன் பிறகு ஒரு பயணிகள் விமான நிலையம்கூட வட்டமாகக் கட்டப்படவில்லை. ராணுவ விமானி பாலைவன வெயிலில் செய்து காட்டும் ஒன்று வேறு. நள்ளிரவில் 180 பயணிகளோடு மழையில் தினமும் செய்ய வேண்டிய ஒன்று வேறு.

நிலம் மிச்சமாகுமா?

வட்டத்துக்கு ஆதரவாகச் சொல்லப்படும் வலுவான வாதம், இடம். மூன்று நேர் ரன்வேக்களின் நீளம்தான் இந்த வட்டத்தின் சுற்றளவு. ஆனால், நான்கு ரன்வேக்கள் உள்ள விமான நிலையத்தின் வேலையை அது செய்யும் என்றார்கள் ஆய்வாளர்கள். விமான நிலையத்துக்கு நிலம் எடுப்பது என்றாலே பரந்தூர் நினைவுக்கு வரும் தமிழ்நாட்டில், இது சாதாரண வாதம் அல்ல. அங்கே 5,000 ஏக்கருக்கு மேல் தேவை என்ற திட்டத்தை எதிர்த்து 2022-லிருந்து கிராம மக்கள் போராடி வருகிறார்கள்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 3.5 கிலோமீட்டர் விட்டமுள்ள வட்டத்தின் பரப்பு சுமார் 9.6 சதுர கிலோமீட்டர். ஏறத்தாழ 2,400 ஏக்கர். குறைவுதான். ஆனால், அந்த வட்டத்துக்குள்தான் டெர்மினல், விமானம் நிறுத்துமிடம், சரக்குக் கிடங்கு, எரிபொருள் எல்லாம் அடங்க வேண்டும். பயணிகள் சுரங்கப்பாதை வழியாகத்தான் உள்ளே போக முடியும். நாளைக்குக் கூட்டம் கூடினால் விரிவுபடுத்தவும் முடியாது. வட்டம் ஏற்கெனவே வேலி போட்டுவிட்டது. மழைத்தண்ணீரும் உள்பக்கச் சரிவில்தான் வந்து சேரும்.

சத்தமும் இருக்கிறது. நேர் ரன்வே என்றால் இரண்டு முனைகளின் பக்கம் இருப்பவர்கள்தான் அதிகம் கஷ்டப்படுவார்கள். வட்டத்தில் எல்லாத் திசையிலும் விமானம் தாழப் பறக்கும். சத்தத்தைப் பங்கிட்டுக் கொடுக்கிறோம் என்று ஆய்வாளர்கள் அதை நன்மையாகச் சொல்கிறார்கள். சுற்றியுள்ள அத்தனை ஊர்களும் அப்படி எடுத்துக்கொள்ளுமா என்பது சந்தேகம்தான்.

இதையெல்லாம்விட முக்கியமான ஒன்று உண்டு. வட்டத்தில் 'முடிவு' இல்லாமல் போகவில்லை. இடம் மாறியிருக்கிறது. நேர் ரன்வேயில் முனையில் இருந்த ஆபத்து, வட்டத்தில் பக்கவாட்டுக்கு வந்துவிட்டது. வேகம் கூடினால் வெளிவிளிம்பு. ஈரத்தில் பிடி நழுவினால் உள்விளிம்பு. நேர் ரன்வேயில் இரண்டு முனைகளில் மட்டும் விட வேண்டிய பாதுகாப்பு இடத்தை, இங்கே 10 கிலோமீட்டர் சுற்றளவு முழுக்க விட வேண்டியிருக்கும்.

மலை வரைந்த ரன்வேக்கள்

விசித்திரமான ரன்வேக்கள் உலகத்தில் இல்லாமல் இல்லை. ஆனால், அவை வரைபட மேஜையில் பிறந்தவை அல்ல. நிலம் வேறு வழி கொடுக்காத இடத்தில் பிறந்தவை.

நேபாளத்தின் லுக்லா அதில் பிரபலமானது. எவரெஸ்ட் ஏறப் போகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் வந்து இறங்குவார்கள். 1964-ல் எட்மண்ட் ஹிலாரியின் முயற்சியில், ஷெர்ப்பா மக்களுக்கான பள்ளி, மருத்துவமனை வேலைகளுக்குப் பொருள் கொண்டுவரத் தொடங்கப்பட்ட மலைத் தளம். கடல் மட்டத்திலிருந்து 2,800 மீட்டருக்கு மேல். ரன்வேயின் நீளம் வெறும் 527 மீட்டர். ஒரு முனையில் மலைச்சுவர், மறுமுனையில் பள்ளத்தாக்கு.

அது எப்படி வேலை செய்கிறது? ரன்வே சாய்ந்திருக்கிறது. ஒவ்வொரு 100 மீட்டருக்கும் சுமார் 12 மீட்டர் உயர்கிறது. இறங்கும் விமானம் மேட்டில் ஏறி வேகம் இழக்கிறது. கிளம்பும் விமானம் சரிவில் உருண்டு வேகம் பிடிக்கிறது. நீளத்தின் குறையைச் சாய்வு ஈடுகட்டுகிறது. கேட்கவே அழகாக இருக்கிறது.

ஆனால், அந்த அழகுக்கு நிபந்தனைகள் உண்டு. சிறிய டர்போபிராப் விமானங்கள் மட்டும். எப்போதும் ஒரே பக்கமாக இறக்கம், எதிர்ப்பக்கமாக ஏற்றம். காற்று கிளம்பும் முன், பெரும்பாலும் காலை வேளையில் மட்டும். மேகம் மூடினால் நாள்கணக்கில் காத்திருப்பு. இறங்க வந்துவிட்டால் கடைசி நேரத்தில் மனம் மாறித் திரும்பவும் முடியாது, எதிரே மலை. 2008 அக்டோபரில் மேகமூட்டத்தில் இறங்க முயன்ற விமானம் நொறுங்கி 18 பேர் இறந்தார்கள். லுக்லா நடைமுறைக்கு உகந்ததா என்று கேட்டால், அதன் நிபந்தனைகளை மதிக்கும்வரை உகந்தது என்பதுதான் பதில்.

போர்ச்சுகலுக்குச் சொந்தமான மடெய்ரா தீவு இன்னொரு உதாரணம். கால்பந்து ரசிகர்களுக்குத் தெரிந்திருக்கும், கிறிஸ்டியானோ ரொனால்டோ பிறந்த தீவு. அங்குள்ள விமான நிலையத்துக்கு 2017-ல் அவர் பெயரையே வைத்தார்கள். மலைக்கும் கடலுக்கும் நடுவே ஒடுங்கிய இடத்தில் 1964-ல் திறக்கப்பட்ட ரன்வேயின் நீளம் 1,600 மீட்டர்தான். 1977 நவம்பரில் ஒரு மழை இரவில், மூன்றாவது முயற்சியில் இறங்கிய போயிங் 727 விமானம் ரன்வேயைத் தாண்டி விழுந்ததில் 131 பேர் இறந்தார்கள்.

அதற்குப் பிறகு அந்தத் தீவு எடுத்த முடிவு வியக்கவைப்பது. நிலம் இல்லையா, தூண் எழுப்பு! கடலோரத்தில் சுமார் 180 தூண்களை நிறுத்தி, அதன்மேல் ரன்வேயை நீட்டினார்கள். சில தூண்களின் உயரம் ஏறத்தாழ 70 மீட்டர். 2000-ல் ரன்வேயின் நீளம் 2,781 மீட்டர் ஆனது. தூண்களுக்கு நடுவே கீழே கார் நிறுத்தவும் விளையாடவும் இடம் இருக்கிறது. உலகின் பொறியியல் அதிசயங்களில் ஒன்றாகப் பாராட்டப்படுகிறது.

தூண் நீளத்தைக் கொடுத்தது, காற்றை மாற்றவில்லை. மலையில் மோதிச் சுழலும் காற்று அங்கே இன்றும் பிரச்னைதான். தனிப் பயிற்சி பெற்ற விமானிகள்தான் அங்கே இறங்கலாம். காற்று வரம்பைத் தாண்டினால் விமானங்கள் வேறு தீவுக்கோ லிஸ்பனுக்கோ திருப்பப்படுகின்றன. விடுமுறைக்கு வந்த சுற்றுலாப் பயணிகள் விமான நிலையத்திலேயே தூங்க நேர்கிறது.

மேசைமேல் ஒரு ரன்வே

நம் பக்கத்து விசித்திரம், டேபிள் டாப் ரன்வே. மலை உச்சியைச் சமப்படுத்தி, மேசை போல ஆக்கி, அதன்மேல் போட்ட ரன்வே. மங்களூரு, கோழிக்கோடு, மிசோரமின் லெங்புய், சிக்கிமின் பாக்யாங் ஆகியவை இந்த வகை. ரன்வே நேர்தான், சமம்தான். விசித்திரம் என்னவென்றால் அதைச் சுற்றி எதுவும் இல்லை. சமவெளியில் ரன்வேயைத் தாண்டும் விமானம் வயலில் போய்ச் சிக்கும். மேசையைத் தாண்டினால் பள்ளம்.

2010 மே 22 அதிகாலை. துபாயிலிருந்து 166 பேரோடு வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் மங்களூருவில் இறங்கியது. அந்த ரன்வே சுமார் 2,450 மீட்டர். அந்த ரக விமானத்துக்குப் போதுமான நீளம். ஆனால், விமானம் மிக உயரத்தில் வந்து, ரன்வேயின் மூன்றில் இரண்டு பங்கு முடியப்போகும் இடத்தில்தான் தரையைத் தொட்டது. மீதி இருந்தது சுமார் 860 மீட்டர். எட்டுப் பேர் மட்டுமே உயிர் பிழைத்தார்கள். இறங்க வேண்டாம், மேலே போகலாம் என்று துணை விமானி மூன்று முறை சொல்லியிருந்ததை விசாரணை அறிக்கை பதிவு செய்திருக்கிறது.

2020 ஆகஸ்ட் 7 இரவு. கொரோனா காலத்தில் துபாயில் சிக்கியிருந்தவர்களை 'வந்தே பாரத்' திட்டத்தில் அழைத்துவந்த விமானம். 190 பேர். கோழிக்கோட்டில் கனமழை. முதல் முயற்சியில் இறங்காமல் மேலே ஏறிவிட்டார்கள். இரண்டாவது முறை எதிர்முனையிலிருந்து, பின்காற்றோடு இறங்கினார்கள். ரன்வேயின் பாதிக்கு அருகேதான் சக்கரம் தரையைத் தொட்டது. ரன்வேயையும் அதற்கப்பால் இருந்த பாதுகாப்புப் பகுதியையும் தாண்டி விமானம் பள்ளத்தில் விழுந்து உடைந்தது. இரண்டு விமானிகள் உட்பட 21 பேர் இறந்தார்கள்.

கரிப்பூர் மக்கள் கொட்டும் மழையில், தொற்றுப் பயத்தையும் பொருட்படுத்தாமல் ஓடிவந்து ஆட்களை வெளியே எடுத்தார்கள். ரத்தம் கொடுக்க நள்ளிரவில் வரிசையில் நின்றார்கள். பிறகு தனிமைப்படுத்தலுக்கும் போனார்கள். விபத்தில் பிழைத்தவர்களும் இறந்தவர்களின் குடும்பத்தாரும் தங்களுக்கு வந்த இழப்பீட்டிலிருந்து ஒரு பங்கு எடுத்து, அந்த ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கட்டடம் கட்டித்தர முன்வந்தார்கள்.

இரண்டு விபத்துகளிலும் விசாரணை சுட்டிக்காட்டிய முக்கியக் காரணம் ரன்வேயின் வடிவம் அல்ல. இறங்குவதைக் கைவிட வேண்டிய நேரத்தில் கைவிடாதது. அப்படியென்றால் ரன்வேக்குப் பங்கே இல்லையா? இருக்கிறது. அதே தவறு சமவெளியில் நடந்திருந்தால் இத்தனை உயிர் போயிருக்காமல் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. டேபிள் டாப் ரன்வே விபத்தை உண்டாக்குவதில்லை. தவறை மன்னிக்க மறுக்கிறது.

மன்னிக்கும் 240 மீட்டர்

ரன்வே முடிந்த பிறகும் 60 மீட்டர் சமதளம், அதற்குப் பிறகு குறைந்தது 90 மீட்டர் பாதுகாப்புப் பகுதி இருக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. முடிந்தால் அதை 240 மீட்டராக வைக்கச் சொல்கிறது பரிந்துரை. விமானத் துறையினர் இதை 'ரெசா' என்பார்கள். பார்ப்பதற்கு வெறும் மண், புல். எந்த விமானமும் அதைப் பயன்படுத்தத் திட்டமிடுவதில்லை. தப்பு நடக்கும் நாளுக்காக மட்டும் காலியாக வைத்திருக்கும் நிலம் அது.

அந்த இடமும் இல்லாத ஊர்களில் 'இமாஸ்' என்ற ஏற்பாடு உண்டு. ரன்வே முனையில் நுரை போன்ற லேசான கான்கிரீட் கட்டிகளைப் பதித்து வைப்பார்கள். விமானத்தின் சக்கரம் ஏறினால் அது நொறுங்கி, மெரினா மணலில் சிக்கிய கார் மாதிரி வேகத்தை விழுங்கிவிடும். 1996-ல் நியூயார்க்கின் ஜான் எஃப். கென்னடி விமான நிலையத்தில் முதலில் அமைத்தார்கள். 2016 அக்டோபரில், துணை அதிபர் தேர்தலில் நின்ற மைக் பென்ஸ் வந்த விமானம், அதே நகரத்தின் லாகார்டியா விமான நிலையத்தில் மழையில் ரன்வேயைத் தாண்டிய போது, இந்தக் கட்டிகள்தான் பிடித்து நிறுத்தின. யாருக்கும் பெரிய காயம் இல்லை. வட்ட ரன்வே அளவுக்கு இது யாரையும் வாய்பிளக்க வைக்காது. ஆனால், இது வேலை செய்கிறது.

ஆக, கேள்வி வடிவத்தைப் பற்றியது அல்ல, காலி இடத்தைப் பற்றியது. அந்தக் காலி இடத்துக்கு யார் விலை கொடுப்பது?

கோழிக்கோட்டில் அந்தக் கேள்வி இன்னும் முடியவில்லை. விபத்துக்குப் பிறகு அங்கே பெரிய விமானங்கள் இறங்க அனுமதி நிறுத்தப்பட்டது. மலப்புரம், கோழிக்கோடு மாவட்டங்களில் வளைகுடாவில் வேலை பார்ப்பவர் இல்லாத தெருவைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அவர்களுக்கு அது வீட்டுக்குப் பக்கத்து விமான நிலையம். பெரிய விமானம் வராததால் ஹஜ் பயணிகள் கொச்சி, கண்ணூரைவிட இங்கே கூடுதலாகப் பணம் கட்ட வேண்டியிருக்கிறது என்ற புகார் எழுந்தது.

ரன்வேயைக் கொஞ்சம் சுருக்கி, அந்த இடத்தைப் பாதுகாப்புப் பகுதியோடு சேர்க்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. சுருக்கினால் பெரிய விமானம் இனி வரவே வராது என்று எதிர்ப்புக் கிளம்பியது. கடைசியில் ரன்வேயைச் சுருக்காமல் பாதுகாப்புப் பகுதியை நீட்ட, மாநில அரசு 14.5 ஏக்கர் நிலம் எடுத்துக் கொடுக்க முன்வந்தது. அந்த நிலத்திலும் வீடுகள் இருந்தன. இந்த விமான நிலையத்துக்காகப் பல முறை இடம் கொடுத்த ஊர் அது. விபத்து இரவில் ஓடிவந்ததும் அதே ஊர்தான்.

சென்னையிலும் ஒரு சின்னப் பாடம் இருக்கிறது. இரண்டாவது ரன்வேயை நீட்ட இடமில்லாமல், அடையாற்றின் குறுக்கே பாலம் கட்டி அதன்மேல் கொண்டுபோனார்கள். விமானத்துக்கு அது நல்ல ரன்வேதான். 2015 டிசம்பரில் அடையாறு பெருகியபோது ஆற்று வெள்ளம் விமான நிலையத்துக்குள் புகுந்தது. நாள்கணக்கில் சேவை நின்றது. அரக்கோணம் கடற்படைத் தளத்திலிருந்து பயணிகள் விமானங்களை இயக்க வேண்டிவந்தது. அந்தப் பாலம் வெள்ளத்தின் போக்கை எவ்வளவு தடுத்தது என்ற வாதம் ஒருபக்கம் இருக்கட்டும். ஆற்றின் இடத்தில் ரன்வே போட்டால், ஆற்றையும் கணக்கில் வைத்துத்தான் ரன்வேயைப் பராமரிக்க வேண்டும்.

பயணியின் பங்கு

இதில் டிக்கெட் வாங்கி உட்காரும் சாதாரணப் பயணி செய்யக்கூடியது என்ன? ரன்வேயின் நீளத்தையோ சாய்வையோ அவர் மாற்ற முடியாது. ஆனால், ஒன்று அவர் கையில் இருக்கிறது.

இறங்கப்போகிறது என்று பெல்ட்டை மாட்டிக்கொண்டு காத்திருக்கும்போது, விமானம் திடீரென்று உறுமிக்கொண்டு மறுபடி மேலே ஏறும். கேபினில் ஒரு பதற்றம். 'என்ன ஓட்டுறாங்க' என்று யாராவது அலுத்துக்கொள்வார்கள். சில நேரம் வேறு ஊருக்கே திருப்பிவிடுவார்கள். வாசலில் காத்திருக்கும் குடும்பம், வாடகைக் கார், மறுநாள் வேலை எல்லாம் குழம்பும். விமான நிறுவனத்தைத் திட்டி சமூக வலைதளத்தில் ஒரு பதிவும் வந்துவிடும்.

மங்களூருவிலும் கோழிக்கோட்டிலும் அந்தக் கடைசி நிமிடத்தில் நடந்திருக்க வேண்டியது அந்த உறுமல்தான். தரையில் விடும் 240 மீட்டரைப் போல, வானத்தில் விமானிக்கு விடும் காலி இடம் அது. கோழிக்கோட்டில் இறங்க வேண்டிய விமானம் கொச்சியில் இறங்கினால், வீடு போய்ச் சேர நான்கைந்து மணி நேரம் கூடுதலாகும். சாப்பாடு ஆறிப்போகும், பிள்ளைகள் தூங்கிப்போகும். பரவாயில்லை, மறுநாள் காலையில் அவர்களை எழுப்பிக்கொள்ளலாம்.